இரைச்சல் எண் நாற்பத்தொன்று

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

கீழே கூடம் மழை இருட்டில் மூழ்கியது. யாருடைய கையிலிருந்தோ டம்ளர் விழுந்து உருண்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பெரியம்மாவைக் கிடத்தியிருந்த மேசைக்குப் பக்கத்திலிருந்து சித்தப்பா, "ஃபியூஸ் போயிடுச்சு, யாரும் அசையாதீங்க" என்று உத்தரவு போட்டார். அவருக்குக் காது மந்தம். அந்த உத்தரவு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

எனக்குப் பயம் வந்தது அதனால் இல்லை. மாடிப்படி முடிகிற இடத்தில், சுவிட்ச் பெட்டிக்கு நேர் எதிரே, பெரியம்மாவின் அறை திறந்து கிடந்தது. உள்ளே மேசை மேல் அவளுடைய ரேடியோ தன் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி முன்புவரை மாவு மில் மாதிரி இரைந்த ரேடியோ சட்டென்று அடங்கியது. அடங்கிய பிறகு, அத்தனை இரைச்சலுக்கும் அடியில் ஒளிந்திருந்த ஒன்று மட்டும் தனியாக வெளியே வந்தது.

ஸ்ர்ர்ர்ர். நான்கு எண்ணும்வரை. பிறகு அமைதி, ஆறு எண்ணும்வரை. மறுபடி ஸ்ர்ர்ர்ர்.

படியேறி வந்த அம்மா என் பின்னால் நின்றாள். "அது என்னடி சத்தம்?"

"தெரியலம்மா."

தெரியும். பக்கத்து அறையில், என் அலமாரியில், கம்பளிகளுக்குப் பின்னால், அடைக்கு வைத்த பன்னிரண்டு கோழி முட்டைகளுக்கு மேல், சூடு ஏறினால் தானே அணைகிற ஒரு பல்பு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அது. இருபது நாளாகப் பெரியம்மா தெரு முழுக்கத் தேடிய சத்தம். நேற்று மாலை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தபடியே அவள் செத்துப்போயிருந்தபோது, பக்கத்தில் கிடந்த சின்ன டிரான்சிஸ்டரில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே சத்தம்தான். டீ குடிக்கக் கூப்பிடப் போனவள் நான். அதனால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் மட்டும், அதுவும் இன்று மாலைதான். இப்போது இரவு மணி இரண்டு. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்ப்பாள். தேய்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு லென்ஸின் நடுவிலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். வீட்டிலும் அந்தப் பென்சில் காதில்தான் இருக்கும். மாலை ஆறரைக்கு ரேடியோ. எங்கெங்கோ இருக்கிற எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக் குறி உண்டு, கூடவே ஒரு செல்லப்பெயர். அவள் பெயர் "கண்ணாடி". மற்றவர்களின் குரல் மெல்லியதாகத்தான் வரும், சில நாள் கொசு பறக்கிற அளவுக்கு. அதனால் இரைச்சல் அவளுக்குப் பரம்பரைப் பகை. எந்த வீட்டு சார்ஜர், எந்தக் கடையின் மோட்டார், எந்த வாசலின் அலங்கார விளக்கு அலைவரிசையில் கலந்து இரைகிறது என்று டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மோப்பம் பிடித்துப் போவாள். கதவைத் தட்டி, "உங்க வீட்டுல ஏதோ கத்துது, உள்ள வரலாமா?" என்பாள். கண்டுபிடித்துச் சரிசெய்து, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வருவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் "சத்தக்காரம்மா". அவள் தெருவில் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு இதெல்லாம் அவமானம். பதினைந்து வருஷமாக அந்த அறைக்குள் துடைப்பத்தோடு தவிர நுழைந்ததில்லை. "அடுத்தவங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால தலைய விட்டுக்கிட்டு, ஒரு பொம்பள செய்யற வேலையா இது" என்பாள். பெரியம்மா, "நான் என்ன ஆம்பள ஃபிரிட்ஜாவா பாத்துத் தேடறேன்" என்பாள்.

இன்று மதியம் அம்மாவின் கைபேசிக்கு ஒரு கிழவர் கூப்பிட்டார். ரேடியோவில் அவர் பெயர் "போஸ்ட்மேன்". நிஜத்திலும் போஸ்ட்மேன்தானாம், ஓய்வு பெற்றவர். அம்மா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"எங்கள்ள ஒருத்தர் போயிட்டா, ஆறரைக்கு அவங்க குறிய மூணு தடவ கூப்பிடுவோம்மா. பதில் வராதுன்னு தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் காத்திருப்போம். அப்பறம் அந்தக் குறிய யாரும் கூப்பிடமாட்டோம். நீங்க கேக்கணும்னா ரேடியோவ போட்டு வைங்க. எதையும் திருப்ப வேண்டாம். அவங்க விட்ட எடத்துலயே இருக்கும்."

அம்மா கைபேசியை வைத்தாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. டீ போடுவது, நாற்காலி போடுவது, வந்தவர்களின் செருப்பை வரிசையாக வைப்பது என்று ஓடிக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் முதல் முறையாக ஒன்று கேட்டாள்.

"நான் அத ஒரு தடவையாவது கேக்கணும்டி. அந்த ரேடியோவ உனக்குப் போடத் தெரியுமா?"

போடத் தெரிந்தது. ஆனால் கேட்கத்தான் முடியவில்லை. கூடத்தில் பதினோரு கைபேசிகள் சார்ஜில் கிடந்தன. புதிதாக வாங்கி வந்த வெள்ளை விளக்குகள் இரண்டு பெரியம்மாவின் தலைமாட்டில் நின்றன. அவள் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து வந்து இரண்டையும் பிடுங்கிப் போட்டிருப்பாள். அத்தனையும் சேர்ந்து ரேடியோவில் இரைந்தன. அதனால்தான் ஆறு மணிக்கு, அவள் நூறு தடவை செய்து நான் பார்த்ததை, நானும் செய்தேன். அவளுடைய முதல் விதி அது. முதலில் நம் வீட்டு மெயினை இறக்கு. சத்தம் நின்றால் கள்ளன் உள்ளே. நிற்காவிட்டால் கள்ளன் வெளியே.

என் பல்பு நிற்கவில்லை. நிற்காது. கரண்ட் போனால் முட்டை குளிர்ந்துவிடும் என்று, அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில்தான் அதை மாட்டியிருந்தேன். கரண்ட் போனதும் பீப் பீப் என்று காட்டிக்கொடுக்கிற அந்தச் சின்னக் கறுப்பு ஒலிப்பானை முதல் நாளே பிடுங்கிவிட்டேன். நான் கெட்டிக்காரி.

என்ன பயம் என்று கேட்கலாம். போன வருஷம் நான் வளர்த்த இரண்டு வெள்ளெலிகள் பதினான்கு ஆகி அம்மாவின் பாஸ்போர்ட்டைத் தின்றன. இனி இந்த வீட்டில் நான்கு காலோ இரண்டு காலோ எதுவும் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். முதலில் அந்தப் பயம்தான். நான் முட்டை வைத்த அன்றே பெரியம்மாவின் ரேடியோவில் ஸ்ர்ர்ர் வந்தது. அவள் மெயினை இறக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. இரவு சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நம்ம வீட்டுல இல்ல. மெயின இறக்கிப் பாத்துட்டேன். வெளியதான் தேடணும்." நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் அவள் தெருவில் இறங்கினாள். தினமும் மாலையில் மொட்டை மாடிக்கும் போனாள். கம்பி சுற்றிய பெரிய சதுரச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் குறைகிறது என்று கேட்பதாகச் சொன்னாள். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன். இருபத்திரண்டு படி, பத்தொன்பது நாள்.

டாக்டர், "படுத்துத் தூங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்றார். டாக்டருக்கு முட்டை விஷயம் தெரியாது.

மெயினை இறக்கிய கலவரத்தில் மூன்று பேர் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். மூன்று பேருமே பெரியம்மா ஏதோ ஒரு நாள் சத்தம் தேடிப் போன இடத்துக்காரர்கள். முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்து, இப்போது மீன் வளர்க்கிறார்.

"எறங்கிருச்சா, எறக்குனியா?" என்றார்.

"எறக்குனேன் மாமா. ரேடியோ கேக்கறதுக்கு."

"அப்படிப் போடு. எங்க வீட்டுலயும் உங்க பெரியம்மா இப்படித்தான் சொல்லாம எறக்குனாங்க. என் சம்சாரம் குளிச்சிட்டு இருந்தா."

அவருக்குப் பின்னால் தையல்காரக்கா. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"இது ரெகுலேட்டர் சத்தம் இல்ல? என் கடையில பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு இதே மாதிரிதான் கத்துச்சு. சத்தக்காரம்மா உள்ளகூட வரல. வாசல்ல நின்னே, 'ரெகுலேட்டர மாத்தும்மா'ன்னுட்டு டீக்கு உக்காந்துட்டாங்க."

பல்பின் வெளிச்சத்தைக் குறைக்க நான் வைத்திருந்ததும் ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டர்தான்.

டிரைவர் மாமா மேசையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். பெரியம்மா இரைச்சல்களுக்கு எண் போட்டு வைத்திருந்தாள். எண், இடம், காரணம், வைத்தியம் என்று நான்கு கட்டம். சரியானதும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இதோ நானு. பதிமூணு. டிரைவர் வீடு, மீன் தொட்டி சூடேத்தி. அடேயப்பா, நம்மள எழுதி வச்சிருக்காங்கப்பா." அவர் முகம் பூத்துவிட்டது. "தையலு, நீ ஒம்பது. கடைசியா நாப்பத்தொண்ணு. இடம் எழுதல. காரணம் எழுதல. வைத்தியம்னு மட்டும் 'பொறுமை'ன்னு எழுதியிருக்கு."

"பாவம்," என்றார் தையல்காரக்கா. "பொறுமையா தேடிக்கிட்டே இருந்திருக்காங்க."

ஸ்ர்ர்ர்ர், என்றது ரேடியோ.

"ஆறரைக்கு இன்னும் இருபது நிமிஷம்," என்றாள் அம்மா. அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. "இந்தச் சத்தம் நிக்காதா?"

அவ்வளவுதான். டிரைவர் மாமா ஒரு பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி கிளம்பினார். "நிக்கும். எது கத்துனாலும் இன்னிக்கு நிக்கும். தெரு முழுக்க அணைச்சிருவோம். என் மீனுங்க ஒரு அர மணி நேரம் குளிரத் தாங்கிக்கும்."

அடுத்த கால் மணி நேரம் எங்கள் தெருவில் நடந்ததைப் பெரியம்மா பார்த்திருக்க வேண்டும். தையல்காரக்கா கடைக்கு ஓடி மெயினை இறக்கினார். டிரைவர் மாமா வீடு வீடாகப் போய் என்ன சொன்னாரோ, ஒவ்வொரு ஜன்னலாக இருண்டது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பாதியில் நின்றது. யார் வீட்டுத் தொலைக்காட்சியோ சண்டைக்கு நடுவில் செத்தது. "சத்தக்காரம்மாவுக்காகவாம்" என்று யாரோ பால்கனிக்குப் பால்கனி சொன்னார்கள். கீழே கூடத்தில் பதினோரு கைபேசிகளையும் அணைத்து ஒரு குண்டானில் போட்டு மூடினார்கள். சித்தப்பா காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுவும் கத்துமா?" என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கருவி கையில் இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை. பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவதாக மாடிக்கு வந்த பேக்கரிக்காரர் மட்டும் போகவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, எப்போதும் மைதா ஒட்டிய கைகள். தன் தம்பியைக் கூப்பிட்டு, "ஐஸ்கிரீம் பெட்டிய அணைச்சிடு, உருகுனா உருகட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். தம்பி கூடத்து இருட்டுக்கு மெழுகுவர்த்தி கொண்டுவந்தான். பேக்கரியில் இருந்தது பிறந்தநாள் மெழுகுவர்த்திதான். ரோஸ், மஞ்சள், நீலம் என்று முறுக்கு முறுக்காக. டம்ளர்களில் மணல் போட்டு நட்டுப் பெரியம்மாவைச் சுற்றி வைத்தார்கள். படி மேலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் ஊதி அணைக்கப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் பேக்கரிக்காரர், அம்மாவிடம். "இது நாந்தாங்க."

"எது?"

"அவங்க மாடிக்கு வந்தது சத்தத்துக்கு மட்டும் இல்லிங்க. என் கடை மாடியும் உங்க மாடியும் ஒட்டித்தான இருக்கு. தினம் அஞ்சரைக்கு ஒரு கிரீம் பன்னு. கூடையில வச்சுக் கயித்துல தள்ளி விடுவேன். சக்கரை ஆகாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். 'ஒண்ணே ஒண்ணுப்பா, தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்'னாங்க. ரெண்டு வருஷமா." கையில் ஒட்டிய மைதாவை வேட்டியில் துடைத்தார். "நேத்தும் குடுத்தேங்க. நாந்தான் அவங்கள..."

நேற்று பெரியம்மாவின் மடியில் வெள்ளையாகத் தூள் கிடந்தது எனக்கு நினைவு வந்தது. சுவர்ச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா அவ பாவாடைப் பையில கிரீம் இருக்கும். தொவைக்கிறது யாருன்னு நெனச்சீங்க?"

"அப்ப உங்களுக்கு..."

"வெண்ணிலா. வெள்ளிக்கிழமை மட்டும் சாக்லேட்."

பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "வெள்ளிக்கிழமை ஸ்பெஷலுங்க."

"அவளுக்கு இருந்த ஒரே திருட்டுத்தனம் அது. போங்க, போய் உக்காருங்க."

அந்தப் பெரிய மனிதர் படியில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவர் சொல்லிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக அவள் அங்கே பன்னுக்காகப் போயிருந்தால், அந்த இருபத்திரண்டு படியில் என் பங்கு எவ்வளவு? பாதியா? கால்வாசியா?

ஆறு இருபத்தாறு. தெருவே இருண்டு கிடந்தது. ரேடியோவில் வேறு எந்தச் சத்தமும் இல்லை, என்னுடையதைத் தவிர.

ஸ்ர்ர்ர்ர்.

"எங்க இருந்துதான் வருது?" அம்மா ரேடியோவின் தலையில் கை வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

நான் எழுந்து என் அறைக்குப் போனேன். அங்கே படுத்திருந்த உறவுக்காரப் பெண்கள் இருட்டுக்குப் பயந்து கீழே போயிருந்தார்கள். அலமாரியைத் திறந்தேன். தெர்மோகோல் பெட்டியின் முகப்பில் பெரியம்மா கழித்துப்போட்ட லென்ஸ் ஒன்றைப் பதித்திருந்தேன், உள்ளே பார்க்க. அதன் வழியாக முன்வரிசை முட்டைகள் பெரிதாகத் தெரியும். அதில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் சூடு போனால் அது வெளியே வராமலே போய்விடும் என்று படித்திருக்கிறேன். கடைசி மூன்று நாள் மூடியையே திறக்கக் கூடாது என்றும்தான். பதினெட்டாம் நாளிலிருந்து நான் திறக்கவில்லை.

இருந்தாலும் அணைக்கத்தான் வந்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு யூபிஎஸ் பொத்தானைத் தேடினேன்.

விரலில் ஒரு கம்பி தட்டியது. நான் போட்ட கம்பி இல்லை.

மெல்லியது. பல்புக்குப் போகிற என் வயரை அது மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. சுற்றின் மேல் ஒட்டியிருந்த பட்டையில் கண்ணாடிக் கடையின் பெயர். இழுக்காமல் விரலால் தடவிக்கொண்டே போனேன். சுவரோரம் போனது. ஜன்னல் இடுக்கில் வெளியேறியது. தலையை நீட்டிப் பார்த்தேன். வெளிச்சுவரில் கொக்கி அடித்து, பெரியம்மாவின் ஜன்னல்வரை ஒழுங்காக ஓடியது. நான் அவள் அறைக்கு ஓடினேன். மேசைக்கு அடியில், ரேடியோவுக்குப் பின்னால், அது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் நுழைந்தது; டப்பாவிலிருந்து இன்னொரு கம்பி ரேடியோவுக்குள் போனது.

அந்த டப்பாவை இரண்டு வாரமாக அவள் செய்துகொண்டிருந்தாள். மேலே இரண்டு குமிழ். என்ன என்று ஒரு நாள் கேட்டதற்கு, "ஒரு சத்தத்த நேரா ஒரு தடவ, தலைகீழா ஒரு தடவ கேட்டா என்ன ஆகும் சொல்லு" என்றாள். எனக்குத் தேர்வு இருந்தது. "தெரியல பெரியம்மா" என்று போய்விட்டேன். ஒன்றும் ஒன்றும் கழிந்துபோகும். இப்போது தெரிந்தது. ஆனால் அப்படிக் கழிக்க வேண்டுமென்றால் அந்தச் சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே போய்க் கேட்டிருக்க வேண்டும்.

டப்பாவின் மூடியில், ஒவ்வொரு குமிழுக்குப் பக்கத்திலும், சிவப்பில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பாட்டரியில் ஓடுகிற அந்த டப்பாவை முடுக்கி, குமிழ்களைக் குறிகளுக்கு நேராகத் திருப்பினேன். முதலாவது. ஸ்ர்ர்ர் குறைந்தது. இரண்டாவது.

ஒன்றுமே இல்லை. பக்கத்து அறையில் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ரேடியோவில் அது இல்லை. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு மெல்லிய மூச்சு மட்டும்.

"என்னடி பண்ணுன?" என்றாள் அம்மா.

"பெரியம்மா பண்ணுனதும்மா."

அதற்குள் குரல் வந்துவிட்டது. மதியம் பேசிய அதே கிழவர், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நாம ஏழு பேர்." பிறகு பெரியம்மாவின் குறியை எழுத்து எழுத்தாகச் சொன்னார். "கண்ணாடி. இருக்கீங்களா?"

காத்திருந்தார்கள். நாங்களும் காத்திருந்தோம். அறை வாசலில் டிரைவர் மாமா, தையல்காரக்கா, படியில் பேக்கரிக்காரர், அதற்குக் கீழே கூடம் முழுக்க ஆட்கள். மழை நின்றிருந்தது. ஒரு தெரு முழுக்க இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று நான் கேட்டதில்லை.

இரண்டாம் முறை ஒரு பெண் கூப்பிட்டார். அவருடைய குரல் கொஞ்சம் அலையில் ஏறி இறங்கியது. "கண்ணாடி, கேக்குதா?"

"என்ன சொல்றாங்க?" என்றார் கீழிருந்து சித்தப்பா, தெருவுக்கே கேட்கும்படி. யாரோ அவர் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டினார்கள்.

மூன்றாம் முறை மறுபடி போஸ்ட்மேன். குறியை மெதுவாகச் சொன்னார், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் இடம் விட்டு. "கண்ணாடி. இருக்கீங்களா?"

அம்மா ரேடியோவை நோக்கிக் கொஞ்சம் குனிந்தாள். வாசலில் வந்து நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி, சின்னக் குரலில் சொன்னாள்.

"இல்லிங்க. அவ கெளம்பிட்டா."

அது அவர்களுக்குக் கேட்காது. ஆனால் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை போலிருக்கிறது.

அந்தக் கடைசி நிமிஷத்தின் நடுவில்தான் அது வந்தது.

கீச்.

டிரைவர் மாமா ரேடியோவைப் பார்த்தார். "பதில் வருது?"

கீச். கீச்.

"இது ரேடியோ இல்ல," என்றாள் அம்மா. நேராக என் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அலமாரி நான் திறந்து போட்டபடியே கிடந்தது. தெரு முழுக்க இருட்டு, வீடு முழுக்க இருட்டு, அதற்குள் மட்டும் ஒரு பல்பு, கம்பளிகளுக்குப் பின்னால் மஞ்சளாக.

அம்மா தரையில் உட்கார்ந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"எத்தன?"

"பன்னெண்டு."

"பாஸ்போர்ட்டெல்லாம் திங்காதில்ல."

"திங்காதும்மா." அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அம்மா, அந்தச் சத்தம் நான்தாம்மா. பெரியம்மா இருபது நாளா தேடுனது இததான். நான் சொல்லியிருந்தா அவங்க மாடி ஏறியிருக்க மாட்டாங்க. தெருவெல்லாம் அலைஞ்சிருக்க மாட்டாங்க. நான் சொல்லல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அந்த மெல்லிய கம்பியை இழுத்துப் பார்த்தாள். மூன்று சுற்றையும் பார்த்தாள்.

"இது அவ முடிச்சு," என்றாள். "எந்த நாள் மெயின இறக்கிப் பாத்துட்டேன்னு சாப்பாட்டுல சொன்னா?"

"மொத நாளே."

"அப்பறமும் வாரத்துக்கு ரெண்டு தடவ சொன்னாளே. 'நம்ம வீட்டுல இல்ல, நம்ம வீட்டுல இல்ல'ன்னு. நான் கேக்கவே இல்ல, எனக்கு எதுக்கு அதுன்னு நெனச்சேன்." அம்மாவின் முகம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. "எனக்குக் கதை விட்டிருக்காடி. ரெண்டு பேருமாச் சேந்து."

"நான் சேரலம்மா. எனக்குத் தெரியாது."

"உனக்கும் சேத்து விட்டிருக்கா."

அப்புறம் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு உடம்பு முழுக்க. நிறுத்த முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. கீழே அதைக் கேட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "நேத்துல இருந்து அடக்கி வச்சிருந்தா, இப்பத்தான் அழறா. அழட்டும் விடுங்க" என்று சித்தப்பா யாரையும் மேலே வரவிடாமல் படியில் கையை விரித்து நின்றார். பெட்டிக்குள்ளிருந்து இன்னொன்று கீச் என்றது. அம்மா இன்னும் சத்தமாகச் சிரித்தாள். "அய்யோ பாவம்" என்று கூடத்தில் யாரோ அழுதார்கள்.

பிறகு மெயினைப் போட்டேன். தெருவும் ஒவ்வொன்றாக எரிந்தது. மாமாவின் மீன்கள் பிழைத்தன. உருகிய ஐஸ்கிரீமைப் பேக்கரிக்காரர் குண்டானில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். துக்க வீட்டில் இது சரியா என்று ஒருவர் கேட்டார். அவரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நாளைக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். அம்மா பெரியம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மேலே பெட்டிக்குப் பக்கத்தில். ஒன்பது குஞ்சுகள் வந்துவிட்டன. ஈரம் காயாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தூங்குகின்றன. மூன்று முட்டைகள் இன்னும் திறக்கவில்லை என்று நினைத்து, கொஞ்ச நேரம் முன்னால் மூடியைத் தூக்கி எண்ணினேன்.

நான்கு இருந்தன.

மறுபடி எண்ணினேன். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. நான் வைத்தது பன்னிரண்டு. பதினெட்டாம் நாள் கடைசியாகத் திருப்பி வைத்தபோதும் பன்னிரண்டுதான்.

பின்வரிசை மூலையில், லென்ஸில் தெரியாத இடத்தில், அந்தப் பதின்மூன்றாவது இருந்தது. மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. ஓடு இளம்பச்சை. கோழி முட்டை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. மேலே, சரியாக நடுவில், சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினேன். அவளுடைய குறிப்பேட்டைக் கடைசிவரை புரட்டிவிட்டேன். இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. யூபிஎஸ்ஸை இன்னும் கழற்றக் கூடாது என்று மட்டும் புரிகிறது.

பெரியம்மா, இது என்ன முட்டை? எத்தனை நாள்?